ஃபெராரி 250 ஜிடிஓ: ஒரு முத்திரை, முப்பத்தாறு கார்கள்

ஜி, டி, ஓ. முதல் இரண்டு எழுத்தும் 'கிரான் டூரிஸ்மோ': நெடுந்தூரத்தை வேகமாகவும் சொகுசாகவும் கடக்கிற கார் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது எழுத்து 'ஒமோலொகாட்டோ'. இத்தாலி மொழி தெரியாத காதுக்கு அது ஏதோ ஓபராப் பாடகரின் பெயர் மாதிரி கேட்கும். பொருள் என்னவோ ரொம்பச் சாதாரணம்: 'அங்கீகரிக்கப்பட்டது'. விண்ணப்பத்தின் மூலையில் குமாஸ்தா ஓங்கிக் குத்தித் தருகிற ரப்பர் ஸ்டாம்ப்தான் அது. உலகத்துப் பணக்காரர்கள் போட்டி போட்டு வாங்கும் ஒரு காரின் பெயரிலேயே ஓர் அலுவலக முத்திரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்தக் காரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் அழகைச் சொல்வார்கள், சத்தத்தைச் சொல்வார்கள், அப்புறம் விலையைச் சொல்லி வாயைப் பிளப்பார்கள். எனக்கு அதன் காகிதக் கதைதான் பிடிக்கும். விதிப்புத்தகத்தின் ஓர் ஓட்டை வழியாக வெளியே வந்த கார் இது. இன்று அதன் விலையில் பெரும்பங்கு தகட்டுக்கா, காகிதத்துக்கா என்று கேட்டால் காகிதத்துக்கு என்றுதான் சொல்வேன்.

முதலில் பெயரில் உள்ள எண்ணைத் தீர்த்துவிடலாம். 250 என்பது வேகமும் இல்லை, குதிரைத்திறனும் இல்லை. ஒரு சிலிண்டரின் கொள்ளளவு. பன்னிரண்டு சிலிண்டர், மொத்தம் 2,953 கன சென்டிமீட்டர். வகுத்துப் பார்த்தால் ஒன்றுக்கு 246 வரும். அதை 250 என்று முழுதாக்கிவிட்டார்கள். ஜியோகினோ கொலம்போ என்ற பொறியாளர் போருக்குப் பிந்தைய வருடங்களில் வரைந்த வி-12 இன்ஜினின் வாரிசு இது. 1950களில் ஃபெராரியின் சாலைக் கார், பந்தயக் கார் என்று எல்லாவற்றிலும் இந்தக் குடும்பம்தான் உறுமியது.

கிரான் டூரிஸ்மோ என்ற சொல்லை ஃபெராரி கண்டுபிடிக்கவில்லை. ஆல்ஃபா ரோமியோ அதைத் தன் 6சி 1750 காருக்கு 1930 வாக்கிலேயே சூட்டியிருந்தது. 1951-இல் வந்த லான்சியா அவுரேலியா பி20 ஜிடி அதை ஒரு வகையின் பெயராகவே ஆக்கிவிட்டது. வாரநாளில் அலுவலகம், விடுமுறையில் ஆல்ப்ஸ் மலைப்பாதை, மனசு வந்தால் ஞாயிற்றுக்கிழமை பந்தயம். மூன்றுக்கும் ஒரே கார். பந்தய விதிகளும் இதை ஒட்டியே எழுதப்பட்டன. ஜிடி பிரிவில் ஓட வேண்டுமானால் அது கடையில் விற்கிற கார்தான் என்று காட்ட வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்குள் நூறு கார் செய்திருக்க வேண்டும் என்பது கணக்கு. அந்தக் கணக்கு சரி என்று பார்த்துப் போடுகிற முத்திரைதான் ஒமோலொகாட்டோ.

இனி 1961. அந்த மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் ஜாகுவார் ஈ-டைப் வந்து இறங்கியது. 1962 முதல் உற்பத்தியாளர்களுக்கான உலக சாம்பியன்ஷிப்பை ஜிடி கார்களுக்கே கொடுக்கப்போவதாக, கார் பந்தயங்களுக்கு விதி எழுதும் சர்வதேச அமைப்பான எஃப்ஐஏ சொல்லியிருந்தது. ஃபெராரியிடம் அப்போதிருந்த ஆயுதம் 250 ஜிடி எஸ்டபிள்யூபி. நல்ல கார், ஜெயித்த கார். ஆனால் அதன் மூக்கு மொண்ணை. நேர்ச்சாலையில் ஒரு வேகத்துக்கு மேல் காற்று அதைக் கையை வைத்துத் தடுத்த மாதிரி நிறுத்தியது. இன்ஜினில் இன்னும் பத்துக் குதிரைத்திறன் பிடுங்குவதைவிட, காற்றில் நுழைகிற வடிவம் ஒன்றைச் செய்வது லாபம் என்று தெரிந்துவிட்டது.

அந்த வேலை ஜியோட்டோ பிஸ்ஸாரினி கையில் போனது. பீசாவில் படித்த பொறியாளர். ஒரு சிறு குழுவை வைத்துக்கொண்டு, கம்பெனியிலேயே பல பேருக்குத் தெரியாமல் இதைச் செய்தார். இன்ஜினை முன்பைவிடத் தாழ்வாகவும் பின்னால் தள்ளியும் வைத்தார். எண்ணெய் கீழே தொட்டியில் தேங்காமல் தனிக் கலனிலிருந்து சுழலும் டிரை சம்ப் ஏற்பாடு என்பதால் இன்ஜினின் உயரம் குறைந்தது. இன்ஜின் தாழ்ந்ததால் பானட்டும் தாழ்ந்தது. மூக்கு நீண்டு கூர்மையானது. முதல் மாதிரி வண்டி பார்க்கச் சகிக்காது. தட்டித் தட்டி ஒட்டுப்போட்ட தகடு, கோணல்மாணலான வால். அதற்கு 'பப்பேரா', அதாவது வாத்து, என்று பெயர் வைத்தார்கள்; 'இல் மோஸ்ட்ரோ', பூதம், என்றும் கூப்பிட்டார்கள். 1961 செப்டம்பரில் மோன்ஸா ஓடுபாதையில் பிரிட்டிஷ் பந்தய ஓட்டுநர் ஸ்டர்லிங் மாஸ் அந்த வாத்தை ஓட்டினார். பழைய காரைவிட நன்றாகவே வேகமாக ஓடியது. அழகெல்லாம் அப்புறம்.

அந்த 'அப்புறம்' வருவதற்குள் வீட்டுக்குள் சண்டை வந்துவிட்டது. ஃபெராரி அந்த வருடம்தான் ஃபில் ஹில்லை ஃபார்முலா ஒன் சாம்பியனாக்கியிருந்தது. ஆனால் நிறுவனர் என்ஸோ ஃபெராரியின் மனைவி லாரா நிர்வாகத்தில் தலையிடுவது மூத்தவர்கள் பலருக்கும் பொறுக்கவில்லை. தலைமைப் பொறியாளர் கார்லோ கிட்டி, பந்தய அணி மேலாளர் ரொமோலோ டவோனி, விற்பனைப் பொறுப்பாளர் ஜிரோலாமோ கார்தினி, கூடவே பிஸ்ஸாரினி என்று ஒரு கூட்டமே 1961 இறுதியில் வெளியேறியது. போனார்களா, போகச் சொன்னார்களா என்பது யார் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. பிஸ்ஸாரினி அப்புறம் லம்போர்கினிக்கு அதன் முதல் வி-12 இன்ஜினை வரைந்து கொடுத்தார். ஒருவர் கோபித்துக்கொண்டு போனதில் எதிரிக்கு இன்ஜின் கிடைத்தது.

பாதியில் நின்ற வாத்து, மௌரோ ஃபோர்கியேரி என்ற இளைஞரிடம் வந்து சேர்ந்தது. வயது இருபத்தாறு. வேகத்தில் பின்பக்கம் அலைபாய்கிறது என்பதுதான் பெரிய குறை. விதிப்படி பழைய 250 ஜிடியின் பின் அச்சையே வைத்துக்கொண்டாக வேண்டும். எனவே அச்சை மாற்றாமல் அது பக்கவாட்டில் நகராதபடி வாட்ஸ் இணைப்பு என்கிற கம்பி அமைப்பைச் சேர்த்துச் சரிக்கட்டினார். உடலை மொடேனாவில் சேர்ஜியோ ஸ்காலியெத்தி தன் பட்டறையில் ஒழுங்குபடுத்தினார்.

'ஒழுங்குபடுத்தினார்' என்று ஒரு சொல்லில் தாண்டிவிட மனமில்லை. அந்தப் பட்டறையில் முழு அளவு வரைபடம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. கம்பியை வளைத்து ஒரு கூடு கட்டுவார்கள். அலுமினியத் தகட்டை மணல் மூட்டைமேல் போட்டு மரச்சுத்தியால் தட்டி, கூட்டின்மேல் வைத்துப் பார்த்து, மறுபடி தட்டி, துண்டு துண்டாகப் பற்றவைப்பார்கள். நம்மூர்ப் பாத்திரக்காரர் குடத்தின் வயிற்றை எடுப்பதுபோல கண்தான் அளவு. அதனால் ஒரு ஜிடிஓ இன்னொன்றின் அச்சு இல்லை. ஒரே காரில்கூட இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்துப்போகாது. இதைக் குறை என்று நினைப்பவர்கள் இந்தக் காரை வாங்கப் போவதில்லை.

முன்னால் போய் நின்று பார்த்தால், தாழ்ந்த வாய்க்கு மேலே அரைநிலா வடிவில் மூன்று துளைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மூடி. குளிர் நாளில் மூடியைப் போட்டுக்கொள்ளலாம். வெயிலில் ஒரு திருப்பு திருப்பிக் கழற்றினால் ரேடியேட்டருக்குக் கூடுதல் காற்று. முன் சக்கரத்துக்குப் பின்னால் சரிந்த கீறல்கள், இன்ஜின் சூடு வெளியேற. வாலில் மேல்நோக்கி ஒரு விளிம்பு, பின்பக்கம் தூக்காமலிருக்க. முதலில் வந்த கார்களில் அதைத் தனியாகச் செய்து போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். பிறகு வந்தவற்றில் உடலோடு சேர்ந்துவிட்டது.

கதவைத் திறந்தால் 'கிரான் டூரிஸ்மோ' என்ற சொல்லின் சொகுசு அங்கேயே செத்துவிடும். தரையில் விரிப்பு இல்லை, வெற்றுத் தகடு. இருக்கையில் நீலத் துணி. கண்ணாடியை இறக்கச் சுழற்றுகைப்பிடி கிடையாது. பிளாஸ்டிக் சன்னலைத் தள்ளித் திறக்க வேண்டும். எதிரே பெரிதாக ஒரு டயல், இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்ட. வேகமானி? அது இல்லவே இல்லை. மணிக்குச் சுமார் 280 கிலோமீட்டர் போகிற காரில் எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்று பார்க்க வழியில்லை. பந்தயத்தில் அதைப் பார்க்க யாருக்கு நேரம்? சுமார் 300 குதிரைத்திறன், எடையோ 900 கிலோவுக்கு அருகில். இன்றைய ஸ்விஃப்ட் கார் எடைதான், திறன் மூன்று மடங்குக்கும் மேல். ஆறு வெபர் கார்புரேட்டர்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு குழாய், சிலிண்டருக்கு ஒரு குழாய். பன்னிரண்டையும் ஒரே சுருதிக்குக் கொண்டுவருவது மெக்கானிக்கின் காதுக்கு வைக்கிற பரீட்சை.

1962 பிப்ரவரி 24 அன்று, ஃபெராரியின் தொழிற்சாலை இருக்கும் மரனெல்லோவில் பத்திரிகையாளர்கள் முன் கார் நிறுத்தப்பட்டது. அடுத்த மாதமே அமெரிக்காவின் சீப்ரிங் 12 மணி நேரப் பந்தயம். ஃபில் ஹில்லும் ஒலிவியே ஜாந்தெபியெனும் ஓட்டினார்கள். உலக சாம்பியனுக்குப் போய் ஒரு ஜிடி காரைக் கொடுக்கிறார்களே என்று ஹில்லுக்கு ஆரம்பத்தில் மனத்தாங்கல் என்று சொல்வார்கள். கார் தன் பிரிவில் முதலாவதாகவும், பந்தயத்துக்கென்றே செய்த வண்டிகளையும் சேர்த்த மொத்தத்தில் இரண்டாவதாகவும் வந்தது.

சரி, நூறு கார் எங்கே?

1962-இலிருந்து 1964 வரை செய்தது மொத்தம் முப்பத்தாறு. அதில் முப்பத்துமூன்று முதல் வடிவம், மூன்று 1964-ஆம் வருடப் புது வடிவம். நான்கு லிட்டர் இன்ஜினோடு செய்த மூன்றையும் கூட்டிக்கொண்டால் முப்பத்தொன்பது. எப்படி எண்ணினாலும் நூறுக்குப் பாதிகூட எட்டவில்லை. ஆனாலும் முத்திரை விழுந்தது. காரணம், ஃபெராரி இதைப் புதுக் கார் என்று சொல்லவில்லை. ஏற்கனவே அங்கீகாரம் பெற்ற 250 ஜிடியின் தொடர்ச்சிதான், உடல் மட்டும் கொஞ்சம் மாறியிருக்கிறது என்று விண்ணப்பம் போட்டது. ஜிடி காருக்கு வேறு உடல் மாட்டிக்கொள்ள விதியில் இடமிருந்தது. பழைய பட்டாவிலேயே புது வீடு கட்டிய கதை.

சேஸி, அதாவது காரின் அடிச்சட்டம், அதில் குத்தியிருக்கும் எண்களையும் இங்கே பார்க்க வேண்டும். ஃபெராரி தன் சாலைக் கார்களுக்கு ஒற்றை எண்ணும் பந்தயக் கார்களுக்கு இரட்டை எண்ணும் கொடுத்து வந்தது. ஜிடிஓ பந்தயத்துக்காகவே பிறந்தது. ஆனால் எண் ஒற்றை. ஏனென்றால் காகிதத்தில் அது சாலைக் கார். முதல் கார் 3223. அடுத்தது 3387, அப்புறம் 3413. நடுவில் உள்ள எண்களெல்லாம் மற்ற 250 கார்களுக்குப் போனவை. அதிகாரிகளை ஏமாற்றத்தான் எண்களைத் தாண்டித் தாண்டிப் போட்டார்கள், ஒரே வண்டிகளை இரண்டு இடத்தில் காட்டினார்கள் என்றெல்லாம் கதை உண்டு. கேட்க ருசியாக இருக்கும். ஆனால் தொடர்ச்சி என்று எழுதிக் கொடுத்து வேலையை முடித்தவனுக்கு அந்த நாடகம் எதற்கு?

இந்தத் தந்திரம் ஒரு முறைதான் பலித்தது. 1964-க்கு ஃபெராரி 250 எல்எம் என்ற காரை இதே வழியில் ஜிடி என்று அங்கீகரிக்கச் சொன்னது. அதில் இன்ஜின் ஓட்டுநருக்குப் பின்னால் இருந்தது. பழைய காரின் தொடர்ச்சி என்று குழந்தைகூட நம்பாது. எஃப்ஐஏ மறுத்துவிட்டது. சொந்த நாட்டுச் சங்கமும் கைகொடுக்கவில்லை என்று என்ஸோவுக்குக் கோபம். இத்தாலியப் பந்தய உரிமத்தையே திருப்பிக் கொடுத்தார். 1964 ஃபார்முலா ஒன் பட்டத்தை ஜான் சர்டீஸ் மெக்சிகோவில் உறுதிசெய்தபோது அவருடைய ஃபெராரி சிவப்பாக இல்லை. அமெரிக்க அணியின் பெயரில் நீலமும் வெள்ளையுமாக ஓடியது. இதே தகராறில் அந்த வருடம் மோன்ஸா சுற்று ஜிடி சாம்பியன்ஷிப் கணக்கில் இல்லாமல் போக, துரத்தி வந்த அமெரிக்கக் கோப்ரா கார் அணிக்கு ஒரு வாய்ப்பு பறிபோனது. 1962, 1963, 1964 மூன்று வருடப் பட்டமும் ஜிடிஓவுக்கு. அதில் மூன்றாவதில் கொஞ்சம் மை வாடை அடிக்கிறது என்று கோப்ரா ரசிகர்கள் இன்றும் சொல்வார்கள். தவறில்லை.

பந்தய வெற்றிகளைப் பட்டியலிட்டால் இடம் போதாது. பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் 1962-இல் மொத்தத்தில் இரண்டாமிடமும் மூன்றாமிடமும், 1963-இல் மறுபடி இரண்டாமிடம். ஒரு வாரத்துக்கும் மேலாக நாடு முழுக்கச் சுற்றும் டூர் டி பிரான்ஸ் கார் பந்தயத்தில் 1963, 1964 இரண்டிலும் வெற்றி. அது போதும்.

பழைய பந்தயக் காரைப்போல மதிப்பில்லாத பொருள் அன்று வேறில்லை. புதிதாக அமெரிக்காவில் 18,000 டாலர் சொன்ன கார் அது. அந்தப் பணத்துக்கு மூன்று ஈ-டைப் வாங்கலாம். அதுவும் பணமிருந்தால் மட்டும் போதாது, வாங்குகிறவர் யார் என்று மரனெல்லோவுக்குத் திருப்தி வர வேண்டும். ஆனால் 1965-க்குப் பிறகு பின்னால் இன்ஜின் வைத்த கார்கள் வந்து இதைப் பழசாக்கிவிட்டன. பந்தயத்தில் ஜெயிக்காது, ஊருக்குள் ஓட்டினால் சூடும் சத்தமும். யாருக்கு வேண்டும்?

3589 என்ற கார் டெக்சாஸில் ஒரு உயர்நிலைப் பள்ளிக்கு நன்கொடையாகப் போனது. பிள்ளைகள் ஆட்டோ மெக்கானிக் வகுப்பில் ஸ்பானர் பிடிக்கப் பழக. எட்டு வருடம் அங்கே இருந்தது. 1972-இல் 6,500 டாலருக்கு விற்றார்கள். வாங்கியவர் ஓஹையோவில் ஒரு வயலோரம் டிரெய்லர்மேல் ஏற்றியபடியே விட்டுவிட்டார். மழையும் பனியுமாகப் பதினைந்து வருடத்துக்குக் கிட்டே. தகட்டில் ஓட்டை, சக்கரத்தில் துரு. நிறைய ஃபெராரிக்காரர்களுக்கு அது அங்கே நிற்பது தெரியும், கேட்டும் பார்த்தார்கள், அவர் கொடுக்கவில்லை. இந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது என்பதை மறைப்பானேன்.

பிங்க் ஃபிளாய்ட் இசைக்குழுவின் டிரம்மர் நிக் மேசன் 1970களின் பிற்பகுதியில் ஒன்றை வாங்கினார். லெ மானில் 1962-இல் மூன்றாவது வந்த கார். முப்பது, நாற்பதாயிரம் பவுண்டுக்குள் முடிந்தது. அன்று நண்பர்களுக்கு அது பைத்தியக்காரச் செலவு. 1980களின் இறுதியில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் பணம் பெருக்கெடுத்தபோது, 1989-இல் ஒரு ஜிடிஓ 1 கோடி 30 லட்சம் டாலரைத் தாண்டியது. அந்தக் குமிழி உடைந்ததும் 1990களின் நடுவில் 40 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. கார் முதலீடு ஏறிக்கொண்டேதான் போகும் என்று யாராவது சொன்னால் இந்த ஐந்தாறு வருடத்தைக் காட்டலாம்.

அப்புறம் ஏறியது ஏறியதுதான். 2014 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் போனம்ஸ் ஏலத்தில் 3 கோடியே 81 லட்சம் டாலர். 2018 ஆகஸ்டில் அதே வட்டாரத்தில், மான்டெரியில், ஆர்எம் சோதபீஸ் ஏலத்தில் 4 கோடியே 84 லட்சம். அன்றைய மதிப்பில் சுமார் 340 கோடி ரூபாய். 2023 நவம்பரில் நியூயார்க்கில், ஓவியங்கள் விற்கிற அதே வாரத்தில், 5 கோடியே 17 லட்சம். ஏலத்துக்கு வராமல் கைமாறியவை தனி. 2018-இல் அப்படி ஒன்று 7 கோடி டாலருக்குப் போனதாகப் பத்திரிகைகள் எழுதின.

இந்தப் பணத்துக்கு வாங்குகிறவர் கையில் என்னதான் வருகிறது? மேலே சொன்ன மூன்று ஏலக் கார்களையே எடுத்துப் பார்க்கலாம்.

2014-இல் விற்றது 3851. முதல் உரிமையாளர் பிரெஞ்சு ஓட்டுநர் ஜோ ஷ்லெஸ்ஸர். அவரும் ஹென்றி ஒரேயேவும் சேர்ந்து 1962 டூர் டி பிரான்ஸில் இரண்டாமிடம் பிடித்தார்கள். ஒரேயே 1948 குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கில் தங்கம் வாங்கியவர். சில வாரங்களில், அக்டோபர் 7 அன்று, பாரிசுக்கு வெளியே மோன்லேரி ஓடுபாதையில் இதே காரில் மோதி இறந்துபோனார். நொறுங்கிய கார் தொழிற்சாலைக்குத் திரும்பிப் போய், புது உடல் தட்டி, வேறொருவருக்கு விற்கப்பட்டது. 1965-இல் ஃபப்ரீட்ஸியோ வியொலாட்டி வாங்கினார். அவருடைய குடும்பத்திடமே 49 வருடம் இருந்தது. ஆக, ஏலத்தில் கையைத் தூக்கியவர் பார்த்தது 1962 செப்டம்பரில் ஷ்லெஸ்ஸர் பார்த்த அதே தகட்டை இல்லை.

2018-இல் விற்றது 3413. அதன் பழைய உரிமையாளர்களில் ஒருவர் கொர்ராடோ ஃபெர்லைனோ. பின்னாளில் நாப்போலி கால்பந்துக் கிளப்பின் தலைவராகி மரடோனாவை அழைத்துவந்தவர். இந்தக் காருக்கு 1964-இல் ஸ்காலியெத்தி பட்டறையிலேயே பழைய உடலைக் கழற்றிவிட்டுப் புது 1964 வடிவத்தை மாட்டினார்கள். முப்பத்தாறில் அதிகம் ரசிக்கப்படும் அந்த வளைந்த முதல் வடிவம் இதில் இல்லை. இருந்தும் அன்றைக்கு ஏலத்தில் விற்ற கார்களிலேயே அதிக விலை அதற்குத்தான்.

2023-இல் விற்ற 3765 இன்னும் வேடிக்கை. அது பிறந்தபோது நான்கு லிட்டர் இன்ஜின் வைத்த வண்டி. ஃபெராரி அணியே நேரடியாக நூர்பர்க்ரிங்கிலும் லெ மானிலும் ஓட்டியது. அப்புறம் மூன்று லிட்டர் இன்ஜின் மாட்டி விற்றார்கள். அது 250 ஜிடிஓவா, 330 எல்எம்மா என்று இன்றும் வாதம் நடக்கும். ஏல நிறுவனம் சாமர்த்தியமாக இரண்டு பெயரையும் சேர்த்தே அச்சடித்தது.

உடல் மாறலாம், இன்ஜின் மாறலாம், நிறம் மாறிக்கொண்டே இருக்கும். மாறாமல் இருக்க வேண்டியது சேஸியில் குத்தியிருக்கிற அந்த நான்கு இலக்கமும், அது பிறந்த நாளிலிருந்து யார் யார் கையில், எந்த நாளில், எந்த ஊரில் இருந்தது என்ற இடைவெளியில்லாத வரலாறும்தான். நிலம் வாங்கப் போகிறவர் மண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் மூலப்பத்திரத்தையும் வில்லங்கத்தையும் பார்ப்பாரே, அதே வேலை. பந்தயப் பதிவேடு, அன்று எடுத்த புகைப்படம், தொழிற்சாலை விற்பனைச் சீட்டு, சுங்கக் காகிதம் எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போகாமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இதற்கென்றே ஃபெராரி 2006-இல் கிளாசிக்கே என்ற துறையைத் தொடங்கியது. காரை அங்கே கொண்டுபோனால் சேஸி, இன்ஜின், கியர்பாக்ஸ், அச்சு எண்களைத் தங்கள் பழைய பேரேட்டோடு ஒப்பிட்டு, சரியாக இருந்தால் சிவப்பு அட்டை போட்ட ஒரு புத்தகம் தருவார்கள்.

இந்த எண்கள் எவ்வளவு பொல்லாதவை என்பதற்கு லண்டனில் நடந்த வழக்கு ஒன்று. 2017-இல் ஒரு 1962 ஜிடிஓ 4 கோடியே 40 லட்சம் டாலருக்குக் கைமாறியது. கார் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் அதில் இருந்த கியர்பாக்ஸ் அதனோடு பிறந்தது இல்லை. பிறந்தது அமெரிக்காவில் வேறொருவரிடம் கிடந்தது. அதைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்து சேர்ப்பது யார் பொறுப்பு, அதற்கான செலவு யாருடையது என்று விற்றவருக்கும் வியாபாரிக்கும் தகராறு. 2020-இல் உயர் நீதிமன்றம், 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இரண்டிலும் தீர்ப்பு வியாபாரி பக்கம். பல்சக்கரம் சுழல்கிறதா என்பது அந்த வழக்கில் பிரச்சினையே இல்லை. பெட்டியில் குத்தியிருக்கிற எண் எது என்பதுதான்.

அசல் இவ்வளவு அரிதானால் நகல் பெருகத்தானே செய்யும். டாட்சன் காரின்மேல் ஃபைபர் உடலைக் கவிழ்த்து ஜிடிஓ என்று சொல்லிக்கொள்பவர்கள் உண்டு. அதில் யாரும் ஏமாறுவதில்லை. ஆபத்து வேறு இடத்தில். ஃபெராரி 250 ஜிடிஇ என்று நான்கு பேர் உட்காரும் சாது கார் ஒன்று, சுமார் 950 செய்தார்கள். இன்ஜின் அதே குடும்பம். பல வருடங்களாக அதை வாங்கி, சேஸியை வெட்டிக் குறுக்கி, மேலே ஜிடிஓ உடலைத் தட்டி மாட்டி வந்திருக்கிறார்கள். திறமையான தகட்டுக்காரர் செய்தால் பத்தடி தூரத்தில் வித்தியாசம் தெரியாது. உண்மையில் சில நகல்களின் தகட்டு வேலை அசலைவிடச் சுத்தமாக இருக்கும், இரண்டு பக்கமும் சமமாகவே இருக்கும். அங்கேதான் சிலருக்குச் சந்தேகமே வரும்.

மொடேனாவில் ஒரு நிறுவனம் ஜிடிஓவை ஒட்டிய வடிவில் புதுக் கார் செய்யக் கிளம்பியபோது ஃபெராரி வழக்குத் தொடுத்தது. 2019-இல் போலோன்யா நீதிமன்றம் ஜிடிஓவின் வடிவம் ஒரு கலைப்படைப்பு, அதற்குப் பதிப்புரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. ஸ்காலியெத்தியின் மணல் மூட்டைக்கு அப்படி ஒரு மரியாதை. ஆனால் மறுவருடமே ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவுசார் சொத்து அலுவலகத்தில் இன்னொரு காகிதம் சறுக்கியது. அந்த வடிவத்தை ஃபெராரி வணிகச் சின்னமாகவும் பதிந்து வைத்திருந்தது. அந்தச் சின்னத்தைக் கார்களுக்குப் பயன்படுத்தியதாகக் காட்ட முடியவில்லை என்று பதிவை ரத்து செய்துவிட்டார்கள். ஒரேயொரு இனத்துக்கு மட்டும் பதிவு செல்லும் என்று விட்டுவைத்தார்கள். பொம்மைக் கார்களுக்கு.